கோலாலம்பூரில் ஒரு பழைய எஸ்எல் 320: கூரையை மூடி ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

கூரை திறக்கும் கார் வாங்கப் போகிறேன் என்று கோலாலம்பூரில் சொன்னால் முதலில் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் மழையைப் பற்றி. இரண்டுமே நியாயமான கேள்விதான். 1997ஆம் வருடத்து மெர்சிடிஸ் எஸ்எல் 320 ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். இந்த ஊரில் கூரையைத் திறந்து சுகமாக ஓட்ட முடிவது காலை எட்டு மணிக்கு முன்னால், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. மற்ற நேரமெல்லாம் கூரை மூடித்தான் இருக்கும், ஏர்கோன் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கூரை மூடியிருக்கும்போதும் பிடித்திருந்தால் மட்டும் இந்த மாதிரிக் காரை வாங்குங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன், இன்றைக்கும் அலுக்கவில்லை.

இந்தத் தலைமுறைக்கு ஆர்129 என்று பெயர். 1989 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமாகி, 2001 வரை ஜெர்மனியின் பிரேமன் ஆலையில் தயாரானது. மொத்தம் 204,940 கார்கள். வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர் புருனோ சாக்கோ. 2024இல் காலமானார். அவர் காலத்து மெர்சிடிஸ்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், 190 என்ற சின்ன மெர்சிடிஸைக்கூட இதற்கு அடுத்துத்தான் வைப்பேன். பக்கவாட்டில் தேவையில்லாத கோடு ஒன்றுகூடக் கிடையாது. கார் கவிழப் போகிறது என்று உணரிகள் கண்டுகொண்டால், இருக்கைகளுக்குப் பின்னால் படுத்திருக்கும் இரும்பு வளைவு 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். இருக்கை பெல்ட் காரின் உடலில் இல்லாமல் இருக்கையிலேயே கோக்கப்பட்டிருக்கிறது. கதவைச் சாத்தினால் வருகிற சத்தத்துக்கே பக்கத்து வீட்டுப் பையன் நாலு தடவை திறந்து மூடிப் பார்ப்பான்.

எந்த எஞ்சின் என்பதை நம் ஊரில் முடிவு செய்வது ரோட்டெக்ஸ், அதாவது வருடாந்திரச் சாலை வரிதான். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 2500 சிசிக்கு மேல் 880 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50. மூவாயிரத்தைத் தாண்டினால் 2,130 வெள்ளி, ஒவ்வொரு சிசிக்கும் 4.50. 2799 சிசி எஸ்எல் 280க்கு வருடம் 1,627.50. 3199 சிசி எஸ்எல் 320க்கு 3,025.50. 4973 சிசி எஸ்எல் 500 என்றால் 11,008.50! பன்னிரண்டு சிலிண்டர் 600 பக்கம் நான் போகவே இல்லை. 500இன் வி8 அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. ஆனால் ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்பதற்கு வருடா வருடம் பதினோராயிரம் வெள்ளி கட்ட எனக்கு மனம் வராது. 280 சிக்கனம்தான், ஆனால் கிட்டத்தட்ட 1.8 டன் எடையை இழுக்க அது கொஞ்சம் முக்கும். 231 குதிரைத்திறன் உள்ள 320இன் ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின் இந்த உடலுக்குச் சரியான பொருத்தம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. எம்104 என்ற இதே எஞ்சின் குடும்பம் டபிள்யூ124, எஸ் 320 என்ற மற்ற மெர்சிடிஸ்களிலும் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய மெர்சிடிஸ் பார்க்கிற எந்த ஃபோர்மேனுக்கும், அதாவது மெக்கானிக்குக்கும், அது அத்துப்படி. பாகமும், வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் கிடைக்கும். கூரை, கண்ணாடி ரப்பர், உள் அலங்காரம், இவைதான் இந்தக் காருக்கு மட்டுமே உரியவை. செலவும் அங்கேதான்.

வாங்குவதற்கு முன் மலிவான ஒன்றையும் பார்த்தேன். 1994 எஸ்எல் 280, சுங்கை பூலோ பக்கம் ஒரு பழைய கார் கடையில். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. செகாம்புட்டில் பட்டறை வைத்திருக்கும் என் ஃபோர்மேனைக் கூடவே அழைத்துப் போயிருந்தேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறந்து, எஞ்சின் மேல் ஓடும் வயர்களில் ஒன்றை உறையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து, இரண்டு விரலால் மெல்ல மடக்கினார். மேல் தோல் காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது, உள்ளே செம்பு தெரிந்தது.

"பாஸ், இது வேணாம். உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் சேத்து எரிச்சிடும்."

தொண்ணூறுகளின் முதல் பாதியில் மெர்சிடிஸ் பயன்படுத்திய வயர் உறை காலப்போக்கில் வெப்பத்தில் இப்படித்தான் உதிரும். கிட்டத்தட்ட 1995 வரை வந்த கார்களில் எஞ்சின் வயரிங் மாற்றப்பட்டதற்கு பில் இருக்கிறதா என்று கேட்காமல் பேரம் பேசாதீர்கள். எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டில் பாகத்துக்குள்ளேயும் அதே வயர்தான். எங்கள் ஈரப்பதமும் நெரிசல் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

என்னுடையது பெட்டாலிங் ஜெயாவில் ஓய்வுபெற்ற ஒரு லாயரிடம் இருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கியதில்லை, அவர்தான் என்னைப் பலதும் கேட்டார். வீட்டில் கூரையுள்ள போர்ச் இருக்கிறதா, வேறு கார் இருக்கிறதா, யார் பழுது பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் கோப்பை எடுத்து வந்தார். கியர் பெட்டி எண்ணெய் மாற்றிய பில், கூரை சிலிண்டர் சீல் மாற்றிய பில், ரேடியேட்டர், டயர், எல்லாம் தேதி வாரியாக. மழையில் நனைந்த கூரையை மடித்து வைக்கக் கூடாது என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருந்தார். "தம்பி, வெலைய கொறைக்கச் சொல்லாதீங்க, வேணும்னா இன்னும் ரெண்டு பில் தேடிக் குடுக்கறேன்" என்றார். விலையை இங்கே சொல்லவில்லை. புது பெரோடுவா மைவி சின்னக் காரைவிட அதிகம், புது ஹோண்டா சிவிக்கைவிடக் குறைவு. சுங்கை பூலோ கார் இதைவிட நிறையவே மலிவு. ஆனால் வயரிங், கூரை, கியர் பெட்டி மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

இந்த வயதுக் காருக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை, ரொக்கம்தான். பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனப் பரிசோதனை செய்து, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கைரேகை வைத்ததோடு முடிந்தது. இன்சூரன்ஸ்தான் இழுத்தடித்தது. முழுக் காப்புறுதி தரும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, சந்தை விலைக்கு இல்லாமல் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுத்தேன். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பழைய கார் பார்க்கப் போகும்போதும் கம்பளத்தைத் தூக்கி, இருக்கைத் தண்டவாளத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சரி, கூரைக்கு வருவோம். காரை நிறுத்தி, பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் எல்லாம் தானாக நடக்கும். கண்ணாடிகள் இறங்கும், முன்பக்கக் கொக்கிகள் விடுபடும், துணியின் பின்முனை எழும், மூடி திறக்கும், கூரை மடங்கி உள்ளே படுக்கும், மூடி சாத்திக்கொள்ளும். மாமாக் கடை முன்னால் இதைச் செய்தால் தே தாரிக் ஆற்றுபவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். இதை ஆட்டுவிப்பது பத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஹைட்ராலிக் சிலிண்டர்கள். அவற்றின் சீல் வயதானால் கசியும். முன் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் சிலிண்டர் கசிந்தால் எண்ணெய் நேராக ஓட்டுநர் மேல் சொட்டும். பார்க்கப் போகும்போது சன்வைசரை இறக்கி, அதன் மேல்விளிம்பை வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். எனக்கு லாயர் மாற்றாமல் விட்டிருந்த ஒரு பின் சிலிண்டர் மட்டும் போன வருடம் கசிந்தது. புதிது வாங்காமல் கழற்றி சீல் மட்டும் மாற்றினோம், செலவில் பெரிய வித்தியாசம்.

இன்னொரு விஷயம்: ஓடும்போது கூரையை மூட முடியாது. நான்கு மணி மழை கூட்டரசு நெடுஞ்சாலையில் திடீரென்று கொட்டத் தொடங்கினால், மேம்பாலத்தின் கீழ் மோட்டார்சைக்கிள்காரர்களோடு நின்றுதான் மூட வேண்டும். அவர்கள் மழைக்கோட்டு போட்டு முடிப்பதற்குள் என் கூரை மூடிவிடும். ஒருவர் விசில் அடித்துப் பாராட்டினார். அவருக்கு நெரிசலில் வழி விடாமல் போனால் பாவம்.

துணிக் கூரையோடு ஒரு அலுமினியக் கூரையும் வந்தது. முப்பது கிலோவுக்கு மேல் எடை, கழற்ற இரண்டு பேர் வேண்டும். கொண்டோவில் இருப்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தெரஸ் வீட்டு போர்ச்சில் கப்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நவம்பர் மழை தொடங்கும்போது மாட்டிவிடுவேன். மாட்டியபின் கார் அவ்வளவு அமைதியாகிவிடும், கூபே வாங்கினது போல. புகைமூட்ட மாதங்களுக்கும் அதுதான் வசதி.

கியர் பெட்டி ஐந்து வேக எலக்ட்ரானிக். ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். என் ஃபோர்மேன் அதைக் கேட்டாலே சிரிப்பார். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மாற்றும்போது கியர் பெட்டியின் பக்கத்து வயர் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதன் ரப்பர் வளையம் கசிந்தால் எண்ணெய் வயர் வழியாகவே ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். பாகம் சில்லறைக் காசு, விட்டால் பெரிய பில். எஞ்சினில் எனக்கு வந்தது முன்பக்க மேல் மூடியில் எண்ணெய்க் கசிவு மட்டும். இந்த எஞ்சின்களில் அது சகஜம். ஹெட் கேஸ்கட் கசிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபோர்மேன் பார்க்கிறார், இதுவரை இல்லை. நெரிசலில் சூடு ஏறுவதில்லை, ஏர்கோன் நடுங்க வைக்கிறது.

ஆட்களை ஏற்றுவதில்தான் சங்கடம். "அத்தைய எங்க உட்கார வைக்கிறது?" என்று மனைவி கேட்டது நியாயம்தான். பின்னால் இருப்பது பைகளுக்கான இடம். வீட்டில் மைவி இல்லையென்றால் இந்தக் கார் சாத்தியமே இல்லை.

ஆனால் இரண்டு பேர் பினாங்குக்குப் போவதென்றால் இதற்கு ஈடு எனக்குத் தெரியாது. 80 லிட்டர் டாங்க். மணிக்கு 110 கிலோமீட்டரில் பிளஸ் நெடுஞ்சாலையில் விட்டால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், தாப்பாவில் நிறுத்தும்போது இடுப்பு வலிக்காது. மெனோரா சுரங்கத்துக்கு முந்தைய வளைவுகளில் கனமான கார் என்பது தெரியும். விரட்டினால் ரசிக்காது, விரட்டுபவர்கள் வேறு கார் பார்க்கலாம். கூரை திறக்க நான் போவது கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைப் பாதை. விடியலில் சிலாங்கூர் அணை ஏரியைக் கடந்ததும் காற்று சில்லிடும். பின்னால் காற்றை மறிக்கும் வலைத்தடுப்பை மாட்டி, கால் பக்கம் ஹீட்டரைக்கூட ஒரு புள்ளி திருப்புவேன். மலேசியாவில் ஹீட்டர் போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

இப்போது பாக்கி இருப்பது துணிக் கூரையின் பின் ஜன்னல். பிளாஸ்டிக் மஞ்சளடித்து, இரவில் பின்னால் வரும் விளக்கெல்லாம் பூப்பூவாகத் தெரிகிறது. ஜன்னலை மட்டும் தைத்து மாற்றலாம் என்கிறார் மெத்தைக் கடைக்காரர். துணியே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மொத்தமாக மாற்று என்கிறார் ஃபோர்மேன். தீபாவளிக்குள் முடிவு செய்ய வேண்டும். கருப்புத் துணி வேண்டாம், கருநீலம் என்பதில் மட்டும் மனைவியும் நானும் ஒத்துப்போயிருக்கிறோம்.