அஞ்சலகத்துக்குப் பெயர் சூட்டும் அமெரிக்கச் சட்டம்: எப்படி இருக்கிறது இந்தச் சேவை?

அமெரிக்காவில் ஓர் அஞ்சலகத்துக்கு ஒருவர் பெயரை வைக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றுகிறது. மசோதா ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்: கட்டடத்தின் முழு முகவரி, சூட்டும் பெயர், பழைய ஆவணங்களில் அந்தக் கட்டடத்தைக் குறிப்பிடும் இடமெல்லாம் இனி புதுப் பெயரையே குறிக்கும் என்ற பிரிவு. கதவு எண்ணை இருமுறை சரிபாருங்கள்; தவறினால் திருத்தம் கொண்டுவர வேண்டியிருக்கும்.

உண்மையான உழைப்பு கையெழுத்து வாங்குவதில்தான். பிரதிநிதிகள் சபைக் குழு, அந்த மாநில உறுப்பினர்கள் அனைவரும் இணைந்து முன்மொழிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஓர் உறுப்பினர் இழுத்தடித்தால் மசோதா அங்கேயே நிற்கும். இரண்டாண்டு அவைக்காலம் முடிந்தால் காலாவதி, மறுபடி முதலிலிருந்து. சபைக்கு வந்துவிட்டாலோ 40 நிமிட விவாதம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அவ்வளவே. பிறகு செனட், அதிபர் கையொப்பம்.

கிடைப்பது உள்ளே சுவரில் ஒரு பெயர்ப்பலகை. முகவரி, அஞ்சல் குறியீடு, வெளிப்பலகை எதுவும் மாறாது. இதைப் பெயருக்குரியவரின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆனாலும் கலிபோர்னியாவின் டெமெக்குலா நகர அஞ்சலகம் ஒன்றுக்குத் தலீப் சிங் சௌந்த் பெயரைச் சூட்டுவது 2005-இல் சட்டமானது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கரின் பெயர் அது. தபால்தலை வாங்க வரும் பிள்ளைகள் அதைப் படிப்பார்களே, அதற்காகவே இத்தனை அலைச்சலும் தகும்.