சார்ட்டிங் ரூமுக்கு எந்த மாஸ்க்? துணியா, சர்ஜிக்கலா, என்95ஆ?

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீ பேக்டரி சார்ட்டிங் ரூமில் நிற்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை என்95. வடிகட்டும் திறனைவிட, முகத்தோடு ஒட்டுவதுதான் இங்கே முக்கியம்.

டீத்தூள் சலிக்கும்போது இலையின் நுண்முடிப் பஞ்சும் நுண்தூசும் பறக்கும். பெரிய துகள் மூக்குச் சளியில் மாட்டும். மூச்சுக்குழாயில் படிவதை நுண்மயிர்கள் சளியோடு மேலே தள்ளும். 2.5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ் உள்ளது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகலாம். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை விழுங்கும். சிலர் உடலோ டீத்தூசையே எதிரியாகக் குறித்துக்கொள்ளும். ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள், மூச்சுக்குழாயில் உள்ள மாஸ்ட் என்ற அணுக்களின் மேல் ஏறிவிட்டால், கொஞ்சம் தூசு பட்டாலே அவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும், சில நிமிடத்தில் மூச்சுக்குழாய் இறுகும். சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து மறுபடி அழற்சியைக் கிளப்பும். பகல் ஷிப்ட் முடித்தவருக்கு ராத்திரி இளைப்பு வருவது இப்படித்தான். பாதி வடிகட்டினால் பாதி நிவாரணம் என்ற கணக்கு இவர்களிடம் செல்லாது.

துணி பஞ்சைத் தடுக்கும், நுண்தூசை விட்டுவிடும். மழை மாதத்தில் துவைத்தது காயாமல் பூஞ்சையும் பிடிக்கும். சர்ஜிக்கல் மாஸ்க்கில் கன்னத்தோரம் திறந்தே கிடக்கும்.

என்95, 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதமாவது பிடிக்கும், சரியாக ஒட்டினால். காதில் மாட்டும் வகை வேண்டாம்; தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகையை வாங்குங்கள். மேல்பட்டை உச்சந்தலையின் பின்பக்கம், கீழ்ப்பட்டை கொண்டைக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இடைவெளி விழும். உள்ளங்கைகளால் மூடி ஊதிப் பாருங்கள். கண்ணருகே காற்று பட்டால் கம்பியை, கன்னத்தில் பட்டால் பட்டையைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தாலும், கம்பளிக் குல்லாவின் ஓரம் அடியில் சிக்கினாலும் ஒட்டாது.

துவைக்கவே கூடாது. நடு அடுக்கு மின்னூட்டத்தால்தான் தூசை இழுக்கிறது. சோப்பும் ஸ்பிரிட்டும் அதைக் கெடுத்துவிடும், பார்வைக்கு மட்டும் புதிதாக இருக்கும். கழற்றியதும் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும். மூச்சிழுக்கக் கனத்தாலோ பட்டை தொய்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

ஃபில்டர் மாற்றும் ரப்பர் மாஸ்க் இன்னும் நன்றாக ஒட்டும், ரப்பர் பகுதியைக் கழுவலாம். மெஷின் சத்தத்தில் அதைப் போட்டுப் பேசுவது சிரமம். முழு ஷிப்டுக்கு அதில் எங்களுக்குப் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்லவில்லை.

ஏற்கெனவே இளைப்பு வந்தவர் எந்த மாஸ்க்கையும் நம்பி அதே அறையில் நிற்க வேண்டாம். நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டி, வேறு பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள்.