ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் பிக்கப் தாமதம்: புதுச்சேரி – கடலூர் சாலையில் நாள்பட ஓட்டித் தெரிந்தவை

ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: "மிதிச்சா உடனே போக மாட்டேங்குது." இந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனித் தாமதங்கள் இருக்கின்றன. பெடலை மிதித்ததை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜினுக்குக் கடத்தும் தாமதம், டர்போவில் காற்றழுத்தம் ஏறும் தாமதம், கியர்பாக்ஸ் கியரைக் கீழே இறக்கும் தாமதம். எது நம் வண்டியைப் பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல், பெடல் சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டும் பெடல் பாக்ஸ் என்ற சிறு கருவியை வாங்கிச் செருகுவது காசுக்கும் கேடு, சில வேளை உயிருக்கும் கேடு. 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது 17 மீட்டர், 80-இல் 22 மீட்டர். கிருமாம்பாக்கம் பக்கம் லாரியை முந்த வலப்புறம் ஏறியபின் அந்த ஒரு நொடியைத் தேட முடியாது.

பிரித்துப் பார்க்கும் முறை எளிது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, காலியான நேர் சாலையில் கியரை மேனுவல் மோடுக்கு மாற்றி 3-வது கியரில் நிறுத்துங்கள். முதலில் 3,000 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டி, பெடலைப் பாதி வரை அழுத்துங்கள். பிறகு அதே கியரில் 1,500 ஆர்பிஎம்மில் அதையே செய்யுங்கள். 3,000-இல் உடனே இழுத்து, 1,500-இல் மட்டும் திணறினால் அது டர்போ. இரண்டிலும் ஒழுங்காக இழுத்து, கியரைத் தானாக மாற்றும் வழக்கமான டி மோடில் மட்டும் யோசித்தால் அது கியர்பாக்ஸ். 3,000-இலும் மந்தமாக இருந்தால்தான் பெடல் சென்சார், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பகுதி), காற்றுக் கசிவு என்று தேட வேண்டும். குறை சொல்லி வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கியர்பாக்ஸ் வகையில்தான் வந்து நிற்கும்.

டிசிடி, டிஎஸ்ஜி எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் இது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் தீரும். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியில் இருக்கும் டிக்யூ200 என்ற 7 கியர் டிஎஸ்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு கிளட்சில். ஓடும் கியர் ஒரு கிளட்சில் இருக்க, அடுத்து வரும் என்று கணித்த கியரை மற்றதில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும். கணிப்பு சரியானால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரம். 6-இல் அமைதியாகப் போகும்போது அது 7-ஐத் தயாராக வைத்திருக்கும். நீங்கள் சட்டென்று மிதித்து 3 கேட்டால், 7-ஐக் கழற்றி 3-ஐப் போட்டு, பிறகு கிளட்ச் மாற்ற வேண்டும். 6-இலிருந்து 4 கேட்டாலும் சிக்கல்தான், இரண்டும் ஒரே கிளட்சில் இருப்பதால் நேராகத் தாவ முடியாது. போதாததற்கு அந்த 1.5 லிட்டர் இன்ஜினின் முழு 250 என்எம் இழுவை 1,600 ஆர்பிஎம்முக்கு மேல்தான் கிடைக்கும். 60 கி.மீ. வேகத்தில் மேல் கியரில் இன்ஜின் 1,500-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ சுற்றிக்கொண்டிருக்கும். கியர் தாமதமும் டர்போ தாமதமும் ஒன்றாகச் சேர்ந்து விழுவது இங்கேதான்.

அதனால் முந்துவதற்குப் பெடலை நம்பாதீர்கள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் பேடிலை நம்புங்கள். முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாக இடைவெளி விட்டு, இடது பேடிலை இரண்டு தட்டு தட்டி 3,000 ஆர்பிஎம் பக்கம் கொண்டுவாருங்கள். பெடலை லேசாக அழுத்திப் பிடித்தால் டர்போ சுழலத் தொடங்கிவிடும். வழி தெரிந்ததும் முக்கால் வரை அழுத்துங்கள், கடைசிவரை வேண்டாம். அடித்தளத்தில் 'டிக்' என்று தட்டும் கிக்டவுன் சுவிட்சை அமுக்கினால் கியர்பாக்ஸ் இன்னும் ஒரு கியர் இறக்கப் பார்க்கும், நடு வழியில் இன்னொரு தடங்கல். எஸ் (ஸ்போர்ட்) மோடு இதே வேலையைத் தானாகச் செய்யும், ஆனால் ஊருக்குள் பெட்ரோலைக் குடிக்கும். நெடுஞ்சாலைக்கு எஸ், நகருக்குள் டி என்று வைத்துக்கொள்வது சரி.

ஊருக்குள் வேறு வகைத் தாமதம். மரப்பாலம் சிக்னலை நெருங்கும்போது வண்டி 10 கி.மீ.க்கு இறங்கி ஊர்ந்துகொண்டிருக்கும், கிளட்ச் ஏறக்குறையத் திறந்திருக்கும். பச்சை விழுந்ததும் மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. கால் தானாக இன்னும் அழுத்தும். அப்போது கிளட்ச் பிடிக்கும், முதலில் கேட்டதும் பிறகு கேட்டதும் சேர்ந்து வந்து வண்டி துள்ளும். முன்னால் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நுழைந்திருந்தால் அவ்வளவுதான். பெடலைக் கால்வாசி அழுத்தி அப்படியே பிடித்து, வண்டி பிடித்த பிறகே கூட்ட வேண்டும். பிரேக்கில் இடது காலை வைத்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒன்றாக அழுந்தினால் ஈசியூ இன்ஜின் சக்தியை வெட்டிவிடும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை நெரிசலில் அணைத்து வையுங்கள். டிக்யூ200 எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்பதால் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் சூடாகும், சூடானால் பிடிப்பு இன்னும் தாமதமாகும். மாலையில் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு மூடியதும் பக்கத்துத் தெருக்கள் அடைத்துக்கொள்ளும் நேரத்தில், ஒரு கார் நீளம் இடம் கிடைக்கும் வரை நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வதே கிளட்சுக்கு நல்லது.

சோதனையில் 3,000-இலும் மந்தமாக இருந்த மூன்றாவது வகை நிஜமான கோளாறு. வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியில் பெடல் நிலை, ஈசியூ கேட்ட த்ராட்டில், உண்மையில் திறந்த த்ராட்டில், உள்ளிழுக்கும் குழாய் அழுத்தம் ஆகிய நான்கை மட்டும் பாருங்கள். மலிவான புளூடூத் கருவியில் அதற்கு மேல் சேர்த்தால் வாசிப்பு மெதுவாகி ஒன்றும் புரியாது. கேட்டதற்கும் திறந்ததற்கும் இடைவெளி இருந்தால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். கிளீனரைத் துணியில் நனைத்து வட்டத் தகட்டின் விளிம்பைத் துடைக்க வேண்டும். விரலால் தகட்டை நெம்பினால் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் போய்விடும். துடைத்தபின் ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (தகட்டின் நிலையை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்யாவிட்டால், வண்டி நிற்கும்போதான இன்ஜின் ஓட்டம் தாறுமாறாகும். த்ராட்டில் சரியாகத் திறந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க் கிளாம்ப்பைப் பாருங்கள், எண்ணெய் ஈரம் படிந்த இடத்தில் கசிவு இருக்கும். கடலோரம் நிறுத்தும் வண்டிகளுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் பேட்டரி முனையும் எர்த் வயர் முனையும் பூத்துவிடும். டிக்யூ200-இன் எண்ணெய் அழுத்தத்தைத் தருவது மின் பம்ப் என்பதால், வோல்ட் தளர்ந்தால் கியர் மாற்றமும் தடுமாறலாம். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுவதற்குப் பெரிய செலவில்லை.

இனி பெடல் பாக்ஸ். அது ஒரு குதிரை சக்தியையும் கூட்டாது. பெடல் சென்சாருக்கும் வயரிங்குக்கும் நடுவே உட்கார்ந்து, 30 சதவீதம் மிதித்ததை உதாரணமாக 50 என்று மாற்றிச் சொல்லும், அவ்வளவே. கியர்பாக்ஸும் அதே எண்ணைப் பார்த்துத்தான் கியரை முடிவு செய்கிறது. அதனால் சின்ன மிதிக்கும் கியர் இறங்கும், மைலேஜ் குறையும், மழையில் ராஜீவ் காந்தி சதுக்கத்தைச் சுற்றும்போது முன்சக்கரம் வழுக்கும். கடைசி மிதி எப்படியும் 100 சதவீதம்தான், அங்கே எந்த மாற்றமும் இராது. பொருத்தியே ஆக வேண்டும் என்றால் இக்னிஷனை அணைத்து, வண்டியைப் பூட்டி, பத்து நிமிடமாவது விட்டு, பிறகு கனெக்டரைக் கழற்றுங்கள். இல்லையென்றால் எச்சரிக்கை விளக்கு எரியும். மிக மென்மையான அமைப்பிலேயே வைத்திருங்கள்.

இரட்டைக் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில், குறிப்பாக பிஎம்டபிள்யூவில் வரும் இசட்எஃப் 8எச்பி என்ற 8 கியர் பெட்டியில், கியர் தயக்கம் கூடிக்கொண்டே போனால் எண்ணெயைப் பாருங்கள். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பார்கள். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது. மே மாதக் கடலூர் வெயிலில் அந்த இடைவெளி சட்டென்று தாண்டிவிடும். சூட்டில் விரிந்த எண்ணெயை வழியவிட்டு மூடினால் உள்ளே குறைவாகவே இருக்கும், டி போட்டதும் பிடிக்கத் தாமதமாகும். முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வகை 6 கியர் ஈர கிளட்ச் (எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்) டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும்.

ஈசியூ ரீமேப் செய்து (அதன் மென்பொருளை மாற்றி இன்ஜின் சக்தியைக் கூட்டி) தாமதத்தைக் கொல்லலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்யூ200 தாங்க வடிவமைத்த அளவே 250 என்எம். விர்டஸின் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின் அதை ஏற்கெனவே தொட்டு நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் சுமை கிளட்சில் விழும். அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள்.