மார்க் 5 கார்டு போனால்: வாங்குவதா, பழுதுபார்ப்பதா?

ஜிஇ (ஜெனரல் எலெக்ட்ரிக்) நிறுவனத்தின் ஸ்பீட்ரானிக் மார்க் 5, 1990-களில் கேஸ் டர்பைன்களோடு வந்த கட்டுப்பாட்டு அமைப்பு. இன்னமும் பல இடங்களில் ஓடுகிறது. அதன் டிஎஸ்200 வரிசைக் கார்டு (சர்க்யூட் போர்டு) ஒன்று செத்துப்போனால் உபரிச் சந்தையில், அதாவது மிஞ்சிய பழைய பாகங்களை விற்பவர்களிடம், தேடலாம், இல்லையென்றால் அதே கார்டைப் பழுதுபார்க்கலாம்.

சந்தையின் பலம் வேகம். கையிருப்பு இருந்தால் சில நாளில் வந்துவிடும். ஆனால் 'பிரிக்காத புதுசு' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த கார்டில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் பயன்படுத்தாமலே கெட்டிருக்கலாம். பார்ட் நம்பரின் கடைசி எழுத்துகள் வரை ஒப்பிடுங்கள். அவை திருத்தப் பதிப்பைச் சொல்பவை. ஜம்பர்களை (கார்டின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறு இணைப்புகள்) பழைய கார்டைப் பார்த்தே வையுங்கள், நிரல் பதிந்த ஈப்ராம் சிப்பின் பதிப்பையும் சரிபாருங்கள். உண்மையான மார்க் 5 பேனலில் சோதித்த அறிக்கை தராத விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

பழுதுபார்ப்பு மெதுவானது. ஆனால் அது உங்கள் கார்டு, அதன் வரலாறு தெரியும். கெபாசிட்டர், ரிலே, விரிசல் விட்ட சால்டர் என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும். போர்டே கருகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆர், எஸ், டி என மூன்று கன்ட்ரோலர்கள் உள்ள இயந்திரம், ஒன்று போனாலும் மற்ற இரண்டின் வாக்கில் ஓடும்; பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். ஆனால் அதற்குள் இரண்டாவதும் போனால் டிரிப்தான், டர்பைன் தானாக நின்றுவிடும். அதனால் என் தேர்வு பழுதுபார்ப்பு, கூடவே சோதித்த ஒரு கார்டு கையிருப்பில். ஒரே கன்ட்ரோலர் உள்ள இயந்திரமா? முதலில் வாங்குங்கள்.