வெல்டிங் வகுப்புக்கு எது முதலில்: சிமுலேட்டரா, செல்போனா?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவை எடுக்கும் பயிற்றுநருக்கு மற்ற பிரிவினருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. ராடுக்கும் தகட்டுக்கும் நடுவே ஆர்க் என்கிற மின்பொறி எரியும்போது தான் செய்வதை வகுப்பு முழுவதற்கும் அவரால் காட்ட முடியாது. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும், பூத் என்கிற தடுப்பறைக்குள் ஓரிருவர்தான் அவரோடு நிற்க முடியும். உருகிய உலோகம் எது, அதன்மேல் மிதக்கும் ஸ்லாக் என்கிற கசடு எது என்று எட்டி நிற்கும் மாணவருக்குப் புரியாது.

இதற்கு விலை உயர்ந்த தீர்வு, நிஜ ஆர்க் இல்லாமல் திரையில் வெல்டிங் பழக வைக்கும் சிமுலேட்டர். லிங்கன் எலெக்ட்ரிக்கின் விஆர்டெக்ஸ், ஃப்ரோனியஸின் விர்ச்சுவல் வெல்டிங், ஸ்பெயினிலிருந்து வரும் சோல்டாமேட்டிக் எல்லாம் இந்த வகைதான். ராடின் சாய்வு, ஆர்க் நீளம், கை நகரும் வேகம் ஆகியவற்றை அளந்து மதிப்பெண் போடும். ராடும் தகடும் செலவாகாது, தீக்காய பயமும் இல்லை. புதிதாக ராடு ஹோல்டரைப் பிடிக்கும் பையனின் நடுக்கம் இதில் நன்றாகவே குறையும்.

ஆனால் "62 மதிப்பெண்" என்று திரை சொல்வதை வைத்து மாணவர் எதைத் திருத்திக்கொள்வார்? ராடு முடியப்போகும் நேரத்தில் திரையில் ஆர்க் நீளத்தைக் காட்டும் கோடு மேலே ஏறினால், ராடு எரிந்து குறையக் குறையக் கையை இறக்க அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். பாதி வழியில் சாய்வு மாறினால், நிற்கும் நிலையோ முழங்கையோ சரியில்லாமல் இருக்கலாம். கோட்டிலிருந்து கைக்கு வரும் இந்த வாசிப்புதான் ஆசிரியரின் திறமை. மெனுவை இயக்கக் கற்றுத்தருவதோடு நின்றுவிடும் நிறுவனப் பயிற்சியில் அது வராது.

ஆசிரியர் வெல்டிங் செய்வதை வீடியோ எடுத்து வகுப்பில் காட்டச் செல்போன் போதும், ஆனால் அது வேறு விதமான உழைப்பைக் கேட்கிறது. அப்படியே பிடித்தால் படத்தில் வெறும் வெள்ளைதான் தெரியும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுத்தால் உருகிய உலோகக் குட்டை தெளிவாகவே தெரியும். சரியான பீட் (வெல்டிங் வரி) ஒன்று, கை வேகமாக ஓடியது ஒன்று, ஆர்க் நீண்டுபோனது ஒன்று என மூன்று துண்டுகள் போதும். மெதுவாக ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "குட்டை ஏன் இங்கே ஒடுங்குது?" என்று கேட்க வேண்டும். நம் பட்டறையின் மெஷின், நம் சாரின் குரல், தமிழ் விளக்கம் என்று எல்லாமே மாணவருக்குப் பழகியவை. குறை என்றால், போன் எதையும் அளக்காது. ராடு செலவும் மிச்சமாகாது.

ஸ்மார்ட் போர்டை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. வெல்டிங் குறியீடுகளுக்கும் வரைபடத்துக்கும் கணினிவழித் தேர்வுப் பயிற்சிக்கும் அது நல்லது. கைவேலைக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

என் தேர்வு செல்போன்தான், மலிவு என்பதற்காக மட்டும் இல்லை. எதைப் படமெடுப்பது, எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று யோசித்துப் பழகிய ஆசிரியருக்கு சிமுலேட்டரின் கோடுகளும் சீக்கிரம் பிடிபடும். மெஷினிலிருந்து தொடங்கியவருக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடாது. பயிற்றுநர்களுக்கான ஓராண்டு சி.ஐ.டி.எஸ். படிப்பில் பயிற்றுமுறை என்று ஒரு பாடமே இருக்கிறது. செய்முறையைப் படமெடுப்பதும் கோடு வாசிப்பதும் அதில் பட்டறைப் பயிற்சியாகவே இடம்பெற வேண்டும்.

சிமுலேட்டர் வாங்கியே தீர வேண்டிய இடத்தில், இரண்டு பயிற்றுநர்களுக்காவது மாணவரின் பிழையைக் கோட்டில் கண்டுபிடிக்கும் பயிற்சி தரவேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரே மெஷினை வைத்து ஒரு வகுப்பை நடத்தினால் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதனால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தாமல், வீடியோவைப் பார்த்தும் பூத்தில் தடுமாறுகிறவர்களை முதலில் அதில் உட்கார வையுங்கள்.