பிக் கிரீன் எக்: ஸ்டேக்குக்காக வாங்கினேன், ரோஸ்டுக்காக வைத்திருக்கிறேன்

நான்கு ஆண்டுகளுக்கு முன் பிக் கிரீன் எக் கரியடுப்பின் 'லார்ஜ்' அளவை வாங்கியபோது என் மனத்தில் இருந்தது ஸ்டேக், அதாவது கடுந்தணலில் விரைவாக வாட்டும் தடித்த மாட்டிறைச்சித் துண்டு மட்டுமே. டொரோண்டோவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கோடையிலும் பனிக்காலத்திலும் அதில் சமைத்துப் பழகிய பிறகு, இது முதலில் ரோஸ்ட் (பெரிய இறைச்சித் துண்டை முழுதாக மெதுவாக வேகவைப்பது) அடுப்பு, பிறகுதான் ஸ்டேக் அடுப்பு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வாங்க எண்ணுபவர்கள் இந்த வரிசையைக் கருத்தில் கொள்வது நல்லது.

ஜப்பானின் கமாடோ அடுப்புகளின் வழியில் வந்தது இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் அந்த அடுப்புகளைத் தங்களுடன் கொண்டுவந்தார்கள். பின்னர் 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முட்டை வடிவில் தடித்த செராமிக் சுவர், கீழே காற்று நுழைய ஒரு சிறு கதவு, மேலே புகை வெளியேற ஒரு திறப்பு, இவ்வளவுதான் அமைப்பு. கம்பித்தட்டின் குறுக்களவு 46 செ.மீ.; எடை 70 கிலோவைத் தாண்டும் என்பதால், வைக்கும் இடத்தை முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ரோஸ்டில்தான் இதன் அருமை தெரிகிறது. செராமிக் சுவர் வெப்பத்தை உள்ளேயே தேக்கி வைப்பதால் மிகக் குறைந்த தணலே போதுமானதாகிறது. தணல் குறைவாக இருப்பதால் உள்ளே ஓடும் காற்றும் குறைவு. காற்று குறைவதால் இறைச்சியின் ஈரம் எளிதில் வற்றிப்போவதில்லை. எலும்புடன் கூடிய மூன்று கிலோ பிரைம் ரிப்பை (மாட்டின் விலாப் பகுதி இறைச்சி) முந்தைய நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் தணலுக்கு மேல் செராமிக் தடுப்புத் தட்டைப் பொருத்தி, 120 பாகை செல்சியஸில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் வேகவிட்டு, நடுப்பகுதி 50 பாகையைத் தொட்டதும் வெளியே எடுப்பேன். ஓய்வெடுக்கும் அரை மணி நேரத்தில் உள்வெப்பம் தானாகவே இன்னும் சில பாகை ஏறும். வெட்டிப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே இளஞ்சிவப்பு. வீட்டு அடுப்பில் செய்யும் ரோஸ்டில் ஓரத்தில் தெரியும் அந்தத் தடித்த சாம்பல் நிற வளையம் இதில் இருப்பதே இல்லை. இந்த அளவு வேக்காடு எனக்கு உகந்தது. அமெரிக்க வேளாண் துறை முழு இறைச்சித் துண்டுகளுக்குப் பரிந்துரைப்பது 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும் என்பதால், முதியவர்களும் கர்ப்பிணிகளும் பந்தியில் இருக்கும்போது நானும் அதையே பின்பற்றுகிறேன்.

ஆனால் இந்த அடுப்பைச் சூடாக்குவது எளிது, ஆற்றுவதோ கடினம். முதல் ரோஸ்டின்போது கவனம் சிதறி வெப்பத்தை 200 பாகை வரை ஏறவிட்டுவிட்டேன். இரு துவாரங்களையும் ஏறக்குறைய முழுவதும் அடைத்த பிறகும், சூடேறிய செராமிக் தணிந்து பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேண்டிய வெப்பத்துக்கு முப்பது பாகை இருக்கும்போதே துவாரங்களைச் சுருக்கத் தொடங்குவதே அன்று நான் கற்ற பாடம். அதன்பின் வெளியே உறைபனி கொட்டும் நாளிலும் மணிக்கணக்கில் வெப்பமானியின் முள் அசையாமல் நிற்கிறது.

ஸ்டேக்கைப் பொறுத்தவரை என் பாராட்டு சற்று அளவானது. துவாரங்களை முழுவதும் திறந்தால் 320 பாகைக்கு மேல் எளிதாக ஏறுகிறது; நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள ரிப்-ஐ துண்டு (விலாப் பகுதியில் வெட்டிய ஸ்டேக்) பக்கத்துக்கு இரண்டு நிமிடத்திலேயே ஆழ்ந்த பழுப்பு நிறத்தை அடைகிறது. குறை என்னவென்றால், வட்டமான சிறிய இடத்தில் ஒரு பக்கம் கடுந்தணல், மறுபக்கம் இளஞ்சூடு என்று பிரித்து வைப்பது அகன்ற அடுப்புகளில் போல இயல்பாக அமைவதில்லை. கொழுப்பு சொட்டித் தீ எழும்போது இறைச்சியை ஒதுக்க இடம் இருக்காது. தடித்த ஸ்டேக்கை முதலில் மெதுவாக வேகவைத்துக் கடைசியில் வாட்ட விரும்பினால், கொதிக்கும் தடுப்புத் தட்டைத் தடித்த கையுறையுடன் வெளியே தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நான்கு பேருக்கு மேல் ஸ்டேக் போடுவதுதான் உங்கள் முதன்மை நோக்கமென்றால், சில நூறு டாலரில் கிடைக்கும் சாதாரணக் கெட்டில் அடுப்பே (மூடியுடன் கூடிய உருண்டையான உலோகக் கரியடுப்பு) போதும். ஆயிரம் டாலருக்கு மேல் இதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

மூடியைத் திறப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காற்றுக் குறைந்து மங்கியிருக்கும் தணல்மீது திடீரெனக் காற்றுப் பட்டால் தீ குபீரென்று மேலெழும். ஒருமுறை என் முழங்கை வரை முடி பொசுங்கியது. இரண்டு விரற்கடை மட்டும் உயர்த்தி, சில நொடிகள் பொறுத்துப் பின்பு முழுவதும் திறக்க வேண்டும். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், எவ்வளவு குளிரானாலும் கராஜுக்குள் வைத்துச் சமைக்கவே கூடாது.

கட்டிக்கரியாக உள்ள மரக்கரியையே பயன்படுத்துங்கள். அச்சில் வார்த்த கரியில் சாம்பல் மிகுதி, அது காற்றோட்டத்தை அடைக்கும். பற்றவைக்கும் திரவத்தை ஊற்றினால் செராமிக் அந்த வாடையை உறிஞ்சிக்கொள்ளும். நான் கியூபெக்கின் மேப்பிள் மரக்கரியை வாங்குகிறேன். சமையல் முடிந்ததும் இரு துவாரங்களையும் அடைத்துவிட்டால் தணல் அணைந்து, எஞ்சிய கரி அடுத்த வாரத்துக்கு அப்படியே கிடைக்கிறது. சாம்பலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே இரண்டு கைப்பிடி புதுக்கரி போட்டால் அடுத்த ரோஸ்டுக்கு அடுப்பு தயார்.