ரூ.2,400 போச்சு: டோகோஃபெரால் என்று சொல்லி அசிடேட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்

ஃபேஸ் ஆயில், சீரம் செய்பவர்கள் வைட்டமின் ஈ வாங்குமுன் இதைப் படியுங்கள். அழகுசாதன மூலப்பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் ‘சுத்தமான இயற்கை டி-ஆல்ஃபா டோகோஃபெரால்’ 100 கிராம், ரூ.2,400. டோகோஃபெரால் என்பது எண்ணெய் கெடாமல் காக்கும் வைட்டமின் ஈ. வந்ததோ டோகோஃபெரில் அசிடேட், பாட்டிலுக்குள் அந்த வேலையைச் செய்யாத வைட்டமின் ஈ வடிவம்.

பணம் கட்டுமுன் வாட்ஸ்அப்பில் நேராகவே கேட்டேன், அசிடேட் இல்லையே என்று. “இல்லவே இல்லை மேடம், ரோஸ்ஹிப் ஆயில் கெடாம இருக்கவே நிறைய பேர் வாங்குறாங்க, சி.ஓ.ஏ. பார்சல்லயே வரும்.” சி.ஓ.ஏ. என்றால் அந்தச் சரக்கின் ஆய்வுச் சான்றிதழ். நான் சொல்லாமலே ரோஸ்ஹிப் (காட்டு ரோஜா விதை எண்ணெய்) பேச்சை எடுத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் என்று யாருக்கும் நம்பிக்கை வரும்.

பார்சலில் சி.ஓ.ஏ. இல்லை. கெஞ்சி வாங்கிய தாளில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) 7695-91-2. அது செயற்கை அசிடேட்டின் எண். இயற்கை டி-ஆல்ஃபா டோகோஃபெரால் என்றால் 59-02-9 இருக்க வேண்டும்.

டோகோஃபெராலில் உள்ள ஹைட்ராக்சில் (OH) பகுதிதான், எண்ணெயைக் கெடுக்கும் நிலையற்ற மூலக்கூறான ஃப்ரீ ராடிக்கலுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து, எண்ணெய் கெடும் சங்கிலியை அறுக்கிறது. அசிடேட்டில் அந்த இடம் அடைபட்டிருக்கும். தோலில் உள்ள எஸ்டரேஸ் நொதி அதை மெதுவாகப் பிரித்துவிடும். பாட்டிலுக்குள் அந்த நொதி ஏது? 0.5% சேர்த்தும் ரோஸ்ஹிப்பில் சிக்கு வாடை அடித்தது இதனால்தான். லினோலிக், லினோலெனிக் அமிலங்கள் நிறைந்த எண்ணெய், காற்றுப் பட்டாலே கெட ஆரம்பிக்கும்.

அசிடேட் மோசமான பொருள் இல்லை. காற்றையும் வெளிச்சத்தையும் தாங்கும், க்ரீமில் தாராளமாகப் போடலாம். விலை மலிவு. அந்த மலிவுச் சரக்குக்குத்தான் ரூ.2,400 பிடுங்கினார்கள்!

கேட்டால், “ரெண்டும் வைட்டமின் ஈ தானே மேடம்.” பிறகு, “பாட்டில் திறந்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது.” அப்புறம், “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.” எவரும் கூப்பிடவில்லை. இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போயிருக்கிறது. ரூ.2,400 இன்னும் வரவில்லை.

சோதிக்கும் முறையை விரிவாக எழுதும் நிதானம் இப்போது இல்லை. பணம் கட்டுமுன்பே சி.ஓ.ஏ. வாங்கி, சி.ஏ.எஸ். எண்ணைப் பாருங்கள், பாட்டில் வந்ததும் பேட்ச் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அசிடேட்டும் கெட்டிதான், நிறம்தான் வெளிறியிருக்கும். 50% என்று போட்டிருந்தால் மீதிப் பாதி வேறு எண்ணெய். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மெடிக்கல் ஷாப் கேப்ஸ்யூலிலும் பெரும்பாலும் அசிடேட்தான், அதை வெட்டி ஊற்றி எண்ணெயைக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் சேர்ந்த எதற்கும் பிரிசர்வேட்டிவ் தனியாகப் போடுங்கள், எந்த வைட்டமின் ஈ-யும் கிருமியைத் தடுக்காது.